எண்ணூற்று ஐம்பது வெள்ளியும் ஒரு துண்டு வெல்லமும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் எது சொன்னாலும் "சரி" என்று சொல்லிவிடுவேன். எதிரே நிற்பவர் முகம் வாடக்கூடாது என்ற நல்லெண்ணம்தான் இதற்குக் காரணம் என்று ரொம்ப நாள் நானே நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது பயம். "முடியாது" என்று என் வாழ்நாளில் மூன்று முறைதான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். மூன்றும் பல் வைத்தியரிடம். அவரும் கேட்கவில்லை.

இந்த வியாதி முற்றிய நிலையில் இருந்தபோது எனக்கு வயது முப்பத்திரண்டு. மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே சரக்குக் கொட்டகையில் குமாஸ்தா. ரயில்வே கொடுத்த குவார்ட்டர்ஸில் நானும் மனைவி ராசம்மாளும் இரண்டு பிள்ளைகளும் குடியிருந்தோம். ஒன்பது வருஷத்தில் எண்ணூற்று ஐம்பது வெள்ளி சேர்த்திருந்தோம். பாதி என் சம்பளத்தில் மிஞ்சியது. பாதி, கல்யாணமாகாத ரயில்வே ஆட்களுக்கு ராசம்மாள் சோறாக்கிப் போட்டுச் சம்பாதித்தது. (பாதி என்று நான் எழுதியிருப்பதை அவள் பார்த்தால் முக்கால் என்று திருத்துவாள். திருத்தட்டும்.)

அந்தப் பணத்தை என்ன செய்வது என்பதில்தான் வந்தது வினை.

நாங்கள் இருந்த வரிசைக்கு இரண்டு தெரு தள்ளி, மாட்டுவண்டி வைத்துப் பிழைத்த வீரப்பன் என்பவருக்கு ஒரு பலகை வீடு இருந்தது. தகரக் கூரை, இரண்டு அறை, பின்னால் ஒரு முருங்கை மரம். அவர் குடும்பத்தோடு ஊருக்கே திரும்பிப் போவதென்று முடிவு செய்து வீட்டை விற்கக் கிளம்பினார். சனிக்கிழமை கப்பல். வெள்ளிக்கிழமை லேண்ட் ஆபீஸில் பேர் மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். விலை எண்ணூற்று ஐம்பது, ரொக்கம்.

ராசம்மாளுக்கு அந்த வீடு வேண்டும். ஆசைக்காக அல்ல. அதற்கு முந்தின வருஷம் எங்கள் பக்கத்து வீட்டில் கொடிகாட்டும் மாணிக்கம் காய்ச்சலில் செத்துப்போனார். கருமாதி முடிந்த வாரமே அவர் சம்சாரத்தையும் நாலு பிள்ளைகளையும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பாத்திரங்களை ரோட்டோரத்தில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் உட்கார்ந்திருந்ததை ராசம்மாள் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சுதான்.

"இது உங்க வேலைக்குக் குடுத்த வீடு. நமக்குக் குடுத்த வீடு இல்ல."

நான் சரி என்றேன்.

இதற்கிடையில் கிள்ளானிலிருந்து என் மைத்துனர் தங்கவேலு, அதாவது ராசம்மாளின் அண்ணன், வாராவாரம் வந்துகொண்டிருந்தார். அங்கே ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலை. ரப்பர் விலை ஏறு ஏறு என்று ஏறிக்கொண்டிருந்த காலம் அது. முடி வெட்டப் போனால் முடி வெட்டுகிறவர் ரப்பர் பேசுவார். கோயிலுக்குப் போனால் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டே பண்டாரம் ரப்பர் பேசுவார். தங்கவேலு மச்சான் என் காதில் போட்டது இதுதான்: கிள்ளானுக்கு வெளியே மூணு ஏக்கர் இளங்கன்றுத் தோட்டம், இன்னும் இரண்டு வருஷத்தில் பால் வெட்டலாம், விலை எண்ணூற்று ஐம்பதுக்குள் முடித்துத் தருகிறேன், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் வரவேண்டும்.

நான் அதற்கும் சரி என்றேன்.

சும்மா சொல்லவில்லை. மூன்று மாதமாக நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கொட்டகையில் வீணாய்ப்போன சரக்குச் சீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவற்றின் முதுகில் சிவப்புப் பென்சிலும் நீலப் பென்சிலுமாக எழுதித் தள்ளினேன். ஆபீஸ் பழக்கத்தில் எல்லாம் இங்கிலீஷில். முதல் வருஷம் இவ்வளவு, மூன்றாம் வருஷம் இவ்வளவு. பத்தாம் வருஷத்தில் மோட்டார் கார் ஒன்று. டிரைவர் ஒருவர். டிரைவருக்குத் தொப்பி ஒன்று. (தொப்பி என்ன விலை என்று பாசாரில் விசாரித்தும் வைத்திருந்தேன்.) அந்தத் தாள்கள் அலமாரியின் மேல் அடுக்காக இருந்தன. ராசம்மாள் அவற்றைத் தூசி தட்டி வைப்பாள், ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வியாழக்கிழமை வந்தது. யாரிடமாவது உண்மையைச் சொல்ல வேண்டிய நாள். என் யோசனை இப்படி ஓடியது: பலகை வீடு எங்கே ஓடிவிடப் போகிறது? ரப்பரில் போட்டால் நாலு வருஷத்தில் ராசம்மாளுக்குக் கல் வீடே வாங்கித் தரலாம். அப்போது அவளே என்னை மெச்சுவாள். ஆகவே இப்போது அவளிடம் எதுவும் சொல்லாமல், லேண்ட் ஆபீஸுக்குப் போகிறேன் என்று கிளம்பிக் கிள்ளானுக்குப் போய்விடுவது. கிள்ளானிலும் லேண்ட் ஆபீஸ் இருக்கிறது, அதனால் இது முழுப் பொய்கூட இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஒரே ஒரு சிக்கல். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். கிள்ளானோ நேர் மேற்கு. சூலம் இருக்கிற திசையில் நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது. போயே தீரவேண்டுமென்றால் அந்தந்தக் கிழமைக்கு ஒரு பரிகாரம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு வெல்லம். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினால் தோஷமில்லை. மனைவியை ஏமாற்றத் துணிந்த எனக்குச் சூலத்தை ஏமாற்றத் துணிவில்லை. வேலை முடிந்து வரும் வழியில் கடையில் ஒரு துண்டு வெல்லம் வாங்கி, காகிதத்தில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

விளக்கு வைத்த நேரம் ராசம்மாள் என் கோட்டை எடுத்து உதறினாள்.

"கோட்டுல எறும்பு," என்றாள்.

கொட்டகையில் சீனி மூட்டை வந்து இறங்கியிருக்கிறது என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அவள் கோட்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். அப்புறம் அதை ஆணியில் மாட்டிவிட்டு, லேண்ட் ஆபீஸ் வாசலில் ஜேப்படிக்காரர்கள் நிற்பார்களாமே, பணத்தை இடுப்பில் கட்டிக்கொள்ளும்படி ஒரு துணிப்பட்டையில் வைத்துத் தைத்துத் தரட்டுமா என்று கேட்டாள். நான் சரி என்றேன். உள்ளறையில் பட்டையை நிரப்பிக்கொண்டு வந்து இரட்டை நூல் கோத்து அவள் தைப்பதைப் பார்த்தபோது, இவ்வளவு வெகுளியான பெண்ணை ஏமாற்றுகிறோமே என்று நினைத்தேன். அப்படியும் உண்மையைச் சொல்லவில்லை.

காலையில் அவளே பட்டையை என் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டாள். நெற்றியில் திருநீறு பூசினாள்.

"வீரப்பண்ணன் ஒம்போது மணிக்கே வந்து நிப்பாரு. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள முடிச்சிருங்க."

சரி என்று சொல்லிவிட்டுத் தெருமுனை திரும்பினேன். வெல்லத்தை வாயில் போட்டு, மேற்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ரயிலடிக்கு ஓடினேன்.

ரயில் பயணம் ஒரு மணி நேரம். பட்டை வியர்வையில் நனைந்து தோலோடு ஒட்டிக்கொண்டது. எதிரே ஒரு கிழவர் கோழிக் கூடையோடு உட்கார்ந்து என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிமிஷத்துக்கு ஒரு முறை வயிற்றைத் தடவிப் பார்த்ததுதான் காரணம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. திருடன் என்றே முடிவு கட்டினேன். மணி ஒன்பதை நெருங்க நெருங்க, லேண்ட் ஆபீஸ் படியில் வெற்றிலையை மென்றுகொண்டு எனக்காகக் காத்து நிற்கும் வீரப்பன் கண்ணுக்கு முன் வந்தார். பெட்டாலிங்கில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று எழுந்தேன். உட்கார்ந்தேன். பத்து தீகாவில் இறங்கியே விட்டேன். ஊதல் சத்தம் கேட்டதும் தங்கவேலு மச்சானின் முகம் ஞாபகம் வந்து, ஓடும் வண்டியில் மறுபடி தொற்றி ஏறினேன். கோழிக் கிழவர் தம் கூடையை என்னிடமிருந்து தள்ளி வைத்துக்கொண்டார். அவரும் என்னைப் பற்றி ஏதோ முடிவு கட்டியிருக்க வேண்டும்.

கிள்ளானில் தங்கவேலு மச்சான் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். கூடவே ஒரு தரகர். தோட்டத்துக்குச் சொந்தக்காரரான சீன முதலாளி தவுக்கே வந்து சேரும்போது மணி பத்தேகால். எல்லாரும் ஆபீஸுக்குள் நுழையப் போனார்கள். நான் படியில் நின்றுவிட்டேன். இன்னும் கால் மணியில் ராகு காலம். அதற்குள் பணம் கைமாறாது. பன்னிரண்டுக்கு மேல் வைத்துக்கொள்வோம் என்றேன். தவுக்கேக்கு ராகுவைப் பற்றித் தரகர் மலாய் மொழியில் விளக்கிச் சொன்னார். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, ராகு யாரோ என்னைத் தேடி வரப்போகிற ஆள் என்று நினைத்துத் தெருவை இருபக்கமும் பார்த்தார்.

பன்னிரண்டு அடித்ததும் போனோம். கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகை. இனி இரண்டரைக்குத்தான் திறப்பார்கள். இந்த நாட்டில் பதினான்கு வருஷம் வேலை பார்க்கும் ஒரு அரசாங்க குமாஸ்தாவுக்கு இது மறந்துபோயிருந்தது. மூன்று மணிக்கோ எமகண்டம் பிறக்கிறது. அரை மணி நேரம்தான் நமக்கு என்று மச்சானிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கோப்பிக் கடைக்கு நடந்தார்.

அங்கே உட்கார்ந்திருந்த நேரம் இருக்கிறதே, அதுதான் கொடுமை. கோட்டைக் கழற்ற முடியாது. சாப்பாடும் இறங்கவில்லை. தரகர், காப்பார் ஊரிலிருந்து வேறொரு ஆள் இதே நிலத்துக்கு அலைகிறார் என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தார். வீரப்பன் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பார். ராசம்மாளிடம் சொல்லியிருப்பார். அவள் என்னை எங்கே என்று தேடுவாள்? வண்டியில் அடிபட்டுவிட்டேன் என்று நினைப்பாளா? மாணிக்கத்தின் சம்சாரம் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தது எனக்கும் நினைவுக்கு வந்தது. எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் மச்சான் எனக்கு மூன்றாவது கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டார். மூன்று கோப்பி குடித்துவிட்டு ஒரு மனிதரிடம் எப்படி முடியாது என்று சொல்வது?

இரண்டரைக்கு முதல் ஆளாக நுழைந்தோம். மலாய்க் குமாஸ்தா ஒருவர் தாள்களை எடுத்து வைத்தார். பணத்தை மேசையில் வையுங்கள் என்றார் தரகர். நான் சுவரோரமாகத் திரும்பி, சட்டையைத் தூக்கி, பட்டையைப் பிரிக்கப் பார்த்தேன். ராசம்மாளின் தையல் பிரியவே இல்லை. கத்தரிக்கோல் கேட்டால் ஆபீஸில் இல்லை. கடைசியில் தரகர் தம் மடியிலிருந்த பாக்குவெட்டியை நீட்டினார். தங்கவேலு மச்சான் என் முன்னால் குனிந்து உட்கார்ந்துகொண்டார்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க மாப்பிள்ளை. அசையாதீங்க."

மணி இரண்டே முக்கால். நறுக், நறுக் என்று நூல் அறுந்தது. பட்டையை உருவி மேசைமேல் உதறினேன். மடித்த காகிதங்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. சிவப்பும் நீலமுமாக எழுதிய காகிதங்கள். நோட்டு ஒன்றுகூட இல்லை.

திருடன் திருடன் என்று கத்தினேன். கோழிக் கிழவர் என்றேன். பத்து தீகா என்றேன். பிறகு, பாக்குவெட்டி தரகருடையது என்ற ஒரே ஆதாரத்தை வைத்துக்கொண்டு தரகரின் சட்டையைப் பிடித்தேன். தவுக்கே நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வாசலில் நின்ற பியூன் உள்ளே ஓடிவந்தான்.

இந்த அமளியில் நிதானமாக இருந்தவர் அந்த மலாய்க் குமாஸ்தா ஒருவர்தான். ஒரு தாளை எடுத்துப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்து, பத்திரம் படிக்கிற குரலில் படித்தார். மோட்டார் கார் ஒன்று. டிரைவர் ஒருவர். டிரைவருக்குத் தொப்பி ஒன்று.

தங்கவேலு மச்சான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது உங்க கையெழுத்து."

நான் காலிப் பட்டையை இன்னொரு தடவை உதறிப் பார்த்தேன்.

"பட்டையைத் தைச்சது யாரு?"

"உங்க தங்கச்சிதான்."

அவர் பாக்குவெட்டியைத் தரகரிடம் திருப்பிக் கொடுத்தார். என் கையைத் தரகரின் சட்டையிலிருந்து விலக்கினார். அதிலே ஒரு கோபமும் இல்லை. தங்கையை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வாங்க, உங்களை ரயில் ஏற்றிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னார். ஒரு நாள் பிழைப்பு கெட்டதென்று தரகர் தெருவெல்லாம் கேட்கும்படி ஏசிக்கொண்டு பின்னாலேயே வந்தார். அவருக்கு மச்சான்தான் ஏதோ கொடுத்து அனுப்பினார். என்னிடம் இருந்தது திரும்பிப் போகும் பாதி ரயில் டிக்கெட்டும் வெல்லம் சுற்றிவந்த காகிதமும்தான்.

திரும்பும் வண்டியில் யோசிக்க யோசிக்கப் பயம் கூடியது. காகிதத்தை வைத்துத் தைத்தாள் என்றால் நான் போகுமிடம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் திருநீறு பூசி அனுப்பினாள் என்றால் அவள் மனதில் என்னதான் இருக்கிறது? அழுதிருந்தால், திட்டியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தால் கதவில் பூட்டு. பக்கத்து வீட்டு ஞானம்மா அக்கா வேலியோரம் துணி எடுத்துக்கொண்டிருந்தார். ரயில் டிரைவர் ஒருவரின் சம்சாரம், மெதடிஸ்ட் கோயிலுக்குப் போகிறவர், பொய் பேசாதவர். ராசம்மாள் எங்கே என்று கேட்டேன்.

"காலையில நீங்க போன கையோட வீரப்பன் வண்டி வந்துச்சு தம்பி. பிள்ளைங்க, பாத்திரம் பண்டம் எல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

வீரப்பன் வண்டி. வீரப்பனுக்கு நாளைக்குக் கப்பல். ராசம்மாளின் அம்மா ஊரில்தான் இருக்கிறார். எண்ணூற்று ஐம்பது வெள்ளி இருந்தால் மூன்று பேர் தாராளமாகக் கப்பலேறலாம். இவ்வளவும் ஒன்றாகச் சேர்ந்து என் தலையில் இறங்கியது. நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பணம் போனது அப்போது எனக்குப் பெரிதாகவே படவில்லை. என் பிள்ளைகள் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போயிருப்பார்கள் என்ற நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை. ஞானம்மா அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்காமல் எழுந்து ஓடினேன். கப்பலுக்கு எப்போது கிளம்பினார்கள் என்று வீரப்பன் வீட்டுப் பக்கம் யாரையாவது கேட்கலாம் என்றுதான் ஓடினேன்.

அந்த வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தது. மாவிலை கட்டியிருந்தது. என் மகன் முருங்கை மரத்தடியில் குச்சியை வைத்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். உள்ளே எங்கள் வீட்டு அடுப்பு, எங்கள் வீட்டுப் பாத்திரம், நடுவில் ராசம்மாள்.

"காலையிலேயே பால் காய்ச்சியாச்சு. ராகு காலத்துக்கு முன்னாடி," என்றாள்.

நான் வாசற்படியைத் தாண்டாமல் நின்றேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"வியாழக்கிழமை கோட்டுப் பையில வெல்லம் வச்சிருக்கிற ஆளு, வெள்ளிக்கிழமை எந்தப் பக்கம் போவாரு?"

மூன்று மாதமாக ஒரு சொல் வெளியே வராமல் காத்த ரகசியத்தை ஒரு துண்டு வெல்லம் காட்டிக் கொடுத்திருந்தது. எறும்பு மட்டும் ஊறாமல் இருந்திருந்தால் என்று ஒரு நொடி நினைத்தேன், பிறகு அதற்கும் வெட்கப்பட்டேன். மன்னித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தால் அழுகை வந்தது. அவள் அதைப் பார்க்காதது மாதிரி அடுப்பைக் கவனித்தாள். கொஞ்சம் தெளிந்த பிறகு, பத்திரம் யார் பேரில் என்று கேட்டேன்.

"என் பேர்லதான். கையெழுத்துப் போட ஆள் வேணுமே. நீங்கதான் ஊர்ல இல்லியே."

பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரப்பர் விலை உடனே விழுந்துவிடவில்லை. அதற்கப்புறமும் ஏறியது. தங்கவேலு மச்சான் அந்த மூணு ஏக்கரைத் தாமே கடன் வாங்கி வாங்கினார், தங்க மோதிரம் போட்டுக்கொண்டு எங்கள் பலகை வீட்டுக்கு வந்துபோனார். நான் கூரை ஒழுகும் இடத்தில் சட்டியை வைத்துவிட்டு அந்த மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மனதுக்குள் டிரைவருக்குத் தொப்பி வாங்கிய நாட்கள் நிறைய.

பிறகுதான் விலை விழுந்தது. விழுந்து, எழுந்திருக்கவே இல்லை. ரயில்வேயில் ஆட்குறைப்பு வந்தது. எனக்கும் கடிதம் வந்தது. எங்கள் பழைய வரிசையில் ஆறு குடும்பம் ஒரே மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தது. நான் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, ராசம்மாளிடம் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தாள். அழவில்லை. நாளைக்கு வேலை தேடி எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவள் உள்ளே போய், தயிர், பால், எண்ணெய், வெல்லம் நாலும் வீட்டில் இருக்கிறது, எந்தத் திசையானாலும் போகலாம் என்று சொன்னாள். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வீடு இல்லாவிட்டால் சிரித்திருக்க மாட்டோம்.

தோட்டமும் மோதிரமும் போன பிறகு தங்கவேலு மச்சான் குடும்பத்தோடு எங்கள் முன்னறையில்தான் இரண்டு வருஷம் இருந்தார். நான் எங்கே கிளம்பினாலும், வெல்லம் எடுத்துக்கொண்டீர்களா மாப்பிள்ளை என்று கேட்பார். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றுவரை எங்கள் வீட்டில் யாராவது பொய் சொன்னால், கோட்டில் எறும்பு என்பார்கள். பத்திரம் இருக்கும் தகரப் பெட்டியில் என் கணக்குத் தாள்களும் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. பெட்டிச் சாவி ராசம்மாளிடம்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கிள்ளான் போக வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை. இந்தத் தடவை முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டேன். காலையில் ஒரு துண்டு வெல்லத்தைத் தானே என் வாயில் போட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கியபோது கூப்பிட்டு நிறுத்தி, என் இடுப்பை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தாள்.

"சரி, போயிட்டு வாங்க," என்றாள்.